ஒரே தெருவிலிருந்து இரண்டு அழைப்புகள்

மேசைக்கு அடியில் மாமாவின் ஷூ வந்து அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. மிதிக்கவில்லை, வைத்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். மேசைக்கு மேலே மாமா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த மேடம் ஒவ்வொருவரையாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "ரெடியா?" நெட்வொர்க் பார்க்கும் ஆள் ரெடி என்றார். பயிற்சி கொடுக்கும் பெண் ரெடி என்றாள். சர்வர்களைக் கவனித்துக்கொள்பவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே ரெடி என்றார். வகுப்பில் பெயர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் எழுந்து உட்கார்வதுபோல அந்தச் சொல் மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அடுத்தது அவன். மென்பொருளைச் சோதித்துப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. காலையில் பல் தேய்க்கும்போதே ஒரு வாக்கியத்தைக் கோர்த்து வைத்திருந்தான். 'மேடம், ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு, கொஞ்சம் அவகாசம் குடுத்தா சரியாயிடும்.' பேருந்தில் நின்றபடி அதைப் பணிவாகவும், உறுதியாகவும், சிரித்துக்கொண்டும் சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது அதைச் சொல்ல வாயைத் திறந்தான். ஷூவின் எடை கொஞ்சம் கூடியது.

"ரெடி மேடம்," என்றான்.

ஷூ விலகிக்கொண்டது.

மாமா அவனுடைய அக்காவின் கணவர். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை பார்க்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. ஆகவே காலையில் ஒரே கண்ணாடியில் தலைசீவிக்கொண்டு ஒரே வீட்டிலிருந்து புறப்படும் இருவரும் தனித்தனியாகப் போய்ச் சேர்வார்கள். மாமா காரில், அவன் பேருந்தில். அலுவலக வாசலைத் தாண்டியதும் மாமா 'சார்' ஆகிவிடுவார், அவன் 'நீங்க' ஆகிவிடுவான். இருவருடைய டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் ஒரே கைமணம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். வேலையில்லாமல் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்களில் அக்கா நச்சரித்து வாங்கிக்கொடுத்த வேலை அது. "அவர் உனக்காக எவ்வளவு பெரிய ரிஸ்க் எடுத்திருக்கார் தெரியுமாடா?" என்று தட்டில் சோறு போடும்போதெல்லாம் அக்கா கேட்பாள். அவன் தெரியும் என்று தலையாட்டிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய நகரத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கான மென்பொருள். யாராவது போன் செய்தால் எடுப்பவர் விலாசத்தைக் கேட்டுத் தட்டுவார். பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறதோ அது கிளம்பும். பழைய மென்பொருள் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக இருந்தது. பார்க்கச் சகிக்காது, ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களின் விரல்களுக்கு அது மனப்பாடம். புதியது வேறு மாதிரி. வரைபடம் உண்டு, வண்டிகள் அதில் எறும்புபோல ஊரும். ஒவ்வொரு கூட்டத்திலும் மேடம் "கூடவே இதையும் சேத்துடலாமே" என்று ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கூடவே மேடம்' என்று பெயர். வண்டிகளுக்குக் கைப்பேசிச் செயலி கூடவே வந்தது. மாதாந்திர அறிக்கைக்கு வண்ண வண்ணமான படங்கள் கூடவே வந்தன. திறந்தவுடன் ஒரு வரவேற்பு இசை வேண்டும் என்று கேட்டு அதுவும் வந்தது. முடிக்க வேண்டிய தேதி மட்டும் நகரவே இல்லை.

மாமாவுக்கும் ஒரு பெயர் உண்டு. 'பச்சை'. வேலை எப்படிப் போகிறது என்று வாராவாரம் மேலிடத்துக்கு அவர் அனுப்பும் அறிக்கையில் சரியாகப் போவதற்குப் பச்சை, இழுபறிக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு என்று நிறம் தர வேண்டும். மாமாவின் அறிக்கை எப்போதும் புல்வெளிபோல இருக்கும். சிக்னல் விளக்கே அவரைத் தூரத்தில் பார்த்தால் பச்சையாக மாறிவிடும் என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான், அந்தக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால், அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணியை எல்லோரும் குயில் என்பார்கள். ஐம்பதை நெருங்கிய வயது, தடித்த கண்ணாடி, அலறிக்கொண்டு பேசுபவனைக்கூட ஒரு நிமிடத்தில் விலாசம் சொல்லவைத்துவிடும் குரல். ஒத்திகையின்போது குயில் ஒரே தெருவின் பெயரை இரண்டு அழைப்புகளுக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டாவது அழைப்பு முதலாவதோடு போய் ஒட்டிக்கொண்டது. திரையில் 'வண்டி ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது' என்று அழகான பட்டை ஒன்று வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஒரே தெருவுல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல உடம்புக்கு வரவே கூடாதா?"

காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. ஒரு விபத்து என்றால் பார்க்கிறவர்கள் எல்லோரும் போன் செய்வார்கள். ஒன்றுக்குப் பல வண்டிகள் ஓடும். அதைத் தடுக்கத்தான் அழைப்புகளை ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு. இணைப்பதற்கு முன்னால் அழைப்பை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய திரையில் அதைக் காதால் கேட்டு மனிதர்களே செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவன் விஷயத்தைச் சொன்னான்.

"குறையே இல்லாம எந்த சாஃப்ட்வேர் மாப்ள வெளிய போயிருக்கு?" மாமா காலரின் முனையைக் கவனமாகத் தேய்த்தார். "ஒரே தெரு, ஒரே நேரம், வேற வேற வீடு. எத்தன தடவ நடக்கும் சொல்லு."

"ஒரு தடவ நடந்தா போதாதா மாமா?"

"முதல் வாரத்துலயே சரிபண்ணிடலாம். நான் சொல்றேன்ல."

"அதுவரைக்கும் பழசையும் பக்கத்துல ஓட விடலாமே."

"பழசு பக்கத்துல இருந்தா எவனும் புதுசைத் தொட மாட்டான். மேடம் தேதி சொல்லியாச்சு. விருந்தாளிங்களைக் கூப்பிட்டாச்சு." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீ ஒண்ணும் பேசாத. கேட்டா ரெடின்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவனுடைய சட்டையையும் வாங்கித் தேய்த்துக் கொடுத்தார்.

தொடக்க நாளன்று அழைப்பு மையத்தில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். பழைய கணினிகளை முந்தைய நாளே கீழ்த்தளத்துக்கு இறக்கியாகிவிட்டது. பெரிய திரைக்கு முன்னால் மேடம், அவருக்கு இரண்டு பக்கமும் விருந்தாளிகள், ஓரத்தில் மாமா. வரவேற்பு இசை ஒலித்தது, கைதட்டினார்கள். புகைப்படக்காரர் எல்லோரையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு தெருவிலிருந்து அழைப்பு வந்தது. மாடிப்படியில் விழுந்து ஒரு குழந்தைக்குக் கை பிசகிவிட்டது. பெரிய திரையில் ஓர் எறும்பு நகரத் தொடங்கியது. விருந்தாளிகள் அதை விரலால் சுட்டிக்காட்டி மகிழ்ந்தார்கள். அடுத்த அழைப்பு குயிலுக்கு வந்தது. ஓர் ஆண்குரல், அம்மாவுக்கு நெஞ்சுவலி. குயில் தெருவின் பெயரைத் தட்டினார். பட்டை வந்தது. ஒத்திகையில் காட்டிய குறையை இதற்குள் சரிசெய்திருப்பார்கள் என்று அவரும் பட்டையை நம்பினார். "வண்டி கெளம்பிடுச்சுப்பா, இதோ வந்துடும், அம்மாவைச் சாய்ச்சு உக்கார வை," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியதை அவன் தூரத்திலிருந்து பார்த்தான். இணைந்துவிட்ட அழைப்புக்கு இன்னொரு வண்டியை அனுப்பத் திரை விடவில்லை. குயில் கையைத் தூக்கினார். பிறகு எழுந்து நின்று தூக்கினார்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளிகளுக்கு ஊடே புகுந்து மாமாவிடம் போனான். "சார், அந்தக் கேஸ். ஒரே தெரு," என்றான். மாமா கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கலைக்காமல் உதட்டோரத்தால் சொன்னார்: "போட்டோ முடியட்டும்." அவன் அங்கேயே நின்றான். ஓடிப்போய் இன்னொரு வண்டிக்காரரைத் தானே போனில் கூப்பிட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். நின்றான். புகைப்படக்காரர், "தம்பி, நீங்க ஃபிரேமுக்குள்ள வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றார். அவன் தள்ளிக்கொண்டான்.

கடைசியில் கத்தியது குயில்தான். அத்தனை காலமாக யாரும் கேட்டிராத ஒரு கரகரத்த குரலில் அவர் கத்தியபோது பலூன்களுக்கு அடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரது? என்ன பழக்கம் இது?" என்றார் மேடம். அருகிலிருந்த வண்டி குழந்தையை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. இன்னொன்று ஊரின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டியிருந்தது. அது போய்ச் சேர்ந்தபோது ஏற்றுவதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

விசாரணைக்கு அழைப்பு மையத்துக்கே மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் நடுவில் இருந்தவருக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கைச் சிந்தினார். இரண்டு விலாசங்களையும் உரக்க வாசித்தார். தெருவின் பெயர் ஒன்று, வீட்டு எண்கள் அடுத்தடுத்து. பிறகு, இது சோதனையில் தெரியவில்லையா என்று கேட்டார். மாமா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவர் நின்றே பேசினார்.

"சோதனைப் பிரிவோட வார்த்தையை நம்பித்தான் நான் முடிவெடுத்தேன். என் டீமை நான் நம்பினது தப்புன்னா, அந்தத் தப்பை நான் முழுசா ஏத்துக்கறேன்."

மூக்கைச் சிந்தியவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு மனிதனா என்ற வியப்பு அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"ரெடின்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா சார்."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லுங்க."

அவர் என் அக்கா புருஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தெரியும். மீதியை அவர்களே தோண்டி எடுத்துவிடுவார்கள். மாமாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். அந்த ஒரு கணம் மாமா முழுக்க முழுக்க அவன் கையில் இருந்தார். அது அவனுக்கு இனிப்பாக இருந்தது. இருந்ததை அவன் கவனித்தான். பிறகு அக்காவின் முகம் வந்தது, மாடியறையில் உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் அவள் மகளின் குரல் வந்தது. இவையெல்லாம் வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது அவனுக்கு நிச்சயமில்லை. ஏனென்றால் சொன்னவன் அவன்தான். காலின் மேல் ஒரு ஷூ இருந்தது என்பதை ஒரு காரணமாக யாரிடம் போய்ச் சொல்வது?

"யாரும் சொல்லல சார்."

அன்று மதியமே அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விருந்தாளிகள் முன்னிலையில் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டதற்காகக் குயிலைப் போனில்லாத ஓர் அறைக்கு, பழைய காகிதங்களை அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவன் வெளியே போகும்போது வாசலில் குயில் எதிரே வந்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நின்றான்.

"உங்கிட்டதானப்பா காட்டினேன்," என்றார் குயில். "நீயும் போய் ரெடின்னுதான சொன்ன?" கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வீட்டில் யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மாமா அவனோடு முன்னைவிட அன்பாகப் பேசினார். பின்னறையில் துணி உலர்த்தும் கொடிகளுக்கும் மிதிவண்டிக்கும் இடையில் கிடந்த அவன் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம், மாமா நடந்ததைச் சொன்னாரா என்று அவன் கேட்டான்.

"அன்னிக்கே சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்?"

"கால வச்சதைச் சொன்னார்." அக்கா ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். "என்ன பாக்கற? அழுதுட்டே சொன்னார்டா. பாவமா இருந்துச்சு. இங்க பாரு, அவருக்கு வேலை போனா இந்த வீட்ல நாலு பேரும் தெருவுல நிக்கணும். உனக்குப் போனா உனக்கு மட்டும்தான். அதுவும் உனக்குப் படுக்க இடம் இருக்கு, நேரத்துக்குச் சோறு இருக்கு. யாருக்குப் போனா நல்லதுன்னு நீயே யோசி."

அவன் யோசித்தான். அவள் சொன்னதில் ஒரு பிழையும் அவனுக்கு அகப்படவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா அவனுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள்.

சில மாதங்களில் மாமாவுக்குப் பதவி உயர்வு வந்தது. நெருக்கடியில் தப்பை நிமிர்ந்து நின்று ஏற்றுக்கொண்ட மனிதர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டாகியிருந்தது. இனி நிறுவனத்தின் எல்லாத் திட்டங்களுக்கும் அவர்தான் தலைமை. புதிதாக வரும் மேலாளர்களுக்கு அவர் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். தலைப்பையும் மேடமே கொடுத்துவிட்டார்: தொழில்நுட்பத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் மாமா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் வெற்றுத் திரையைப் பார்த்தார். பிறகு, "மாப்ள, ஒரு உதவி," என்று கூப்பிட்டார். "உனக்குத்தான் இதெல்லாம் கோவையா வரும்."

அவன் எதிரே உட்கார்ந்தான்.

"முதல்ல எதைப் போடலாம்?"

"வேலை செய்யறவங்களைக் கடைசியில கூப்பிட்டதை."

"அப்படிப் போட்டா நாம செஞ்ச மாதிரி இருக்கு. பொதுவா சொல்லு."

"பயன்படுத்துபவர்களைத் தொடக்கத்திலேயே கேளுங்கள்."

"ஆ, இதான் வேணும்." மாமா தட்டினார். "அடுத்தது?"

"ஒவ்வொரு கூட்டத்துலயும் புதுசா ஒண்ணு சேத்துட்டே போனது."

"மேடம் முன்வரிசையில உக்காந்திருப்பாங்கடா."

"வேலையின் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள்."

"பிரமாதம்."

பழையதை ஒரே நாளில் மூடியது, 'திரும்பிவர ஒரு வழி வைத்திருங்கள்' என்று ஆனது. எல்லாவற்றையும் பச்சை என்று எழுதியது, 'ஆபத்தை மேலிடத்திடம் மறைக்காதீர்கள்' என்று ஆனது. அதைத் தட்டும்போது மாமாவின் விரல்கள் தயங்கக்கூட இல்லை; இதற்கு ஒரு படம் போட்டால் எடுப்பாக இருக்குமா என்றுதான் கேட்டார். விசித்திரம் என்னவென்றால், அவனுக்கும் உற்சாகம் ஏறிக்கொண்டு வந்தது. இத்தனை காலமாக அவனுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை ஒருவர் கேட்கிறார், கேட்டு எழுதிக்கொள்கிறார். அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கையை ஆட்டி விளக்கினான். தேநீர் கொண்டுவந்த அக்கா இருவரையும் பார்த்து, "இப்படி ஒத்துமையா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு," என்று நெகிழ்ந்தாள்.

"கடைசியா ஒண்ணு," என்றான் அவன். "இருக்கறதுலயே சின்ன ஆளுகூட, ரெடி இல்லைன்னு பயப்படாம சொல்ற மாதிரி இருக்கணும்."

மாமாவின் விரல்கள் நின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மேசையில் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"அருமை மாப்ள," என்றார் மாமா, மெதுவாக. "இதை முடிவுல வைக்கறேன். கை தட்டுவாங்க."

தட்டினார்கள். அந்த உரையின் காணொளியை மாமா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக்காட்டினார். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் மாமா மேடையின் குறுக்கே நிதானமாக நடந்தபடி, "எங்க டீம்ல ஒரு பையன் இருந்தான்," என்றார். "நல்ல பையன், கெட்டிக்காரன். ஆனா முதுகெலும்பு கிடையாது. பயத்துல ரெடின்னு சொல்லிட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு உயிர் விலையாப் போச்சு. அவனைப் பேச வைக்காதது என் குற்றம்." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அரங்கம் கைதட்டியது. சோபாவில் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, யாரு அந்தப் பையன்?" என்று கேட்டாள்.

"அது சும்மா ஒரு உதாரணம்மா," என்றார் மாமா.

அக்கா ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை வேகமாக ஓட்டினாள். அவனுக்காகச் செய்த இரக்கம் அது. திரையில் மாமா சத்தமில்லாமல், கோமாளிபோலத் துள்ளித் துள்ளி நடந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான்.

உரை மேடத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொன்னார். அந்தச் சாயங்காலம் அவன் வெளியே போய்விட வேண்டும் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் போனான். கட்டிலையும் மெத்தையையும் கொடியில் காய்ந்த அவனுடைய சட்டைகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மேடம் அந்தப் பின்னறைக்கும் வரக்கூடும். வந்தார், அங்கே ஓர் அலுவலக அறை போட்டுக்கொள்ளலாமே என்றும் சொல்லிவிட்டுப் போனார். இனி அடிக்கடி வருவார்போல் இருக்கிறது என்று மறுநாள் அக்கா கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் கலக்கமாகவும் சொன்னாள்.

"பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கோயேன்டா. வாடகையை அவரே குடுத்துடறேங்கறார். சாப்பாட்டுக்கு இங்க வந்துடு. மேடம் கார் நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வா."

அவன் அறை தேடி அலைந்தான். முதலில் பார்த்த இடத்தில் தனி ஆளுக்குத் தருவதில்லை என்றார்கள். இன்னோரிடத்தில் என்ன வேலை என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்கள். அதற்குப் பிறகு அவன் எந்த வாசலிலும் நிற்காமல் நடந்தான். எங்கே போகிறோம் என்பது தெரியாமல் இல்லை. மூக்கைச் சிந்தியவர் வாசித்த நாளிலிருந்து அந்தத் தெருவின் பெயர் அவனுக்குள் கிடந்தது. சும்மா ஒரு முறை அந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் திரும்பினான். குறுகலான தெரு. ஒன்றின் சுவரில் இன்னொன்று சாய்ந்துகொண்டு நிற்கும் வீடுகள். இரண்டாவது அழைப்பு வந்த எண்ணுள்ள வீட்டின் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது: அறை வாடகைக்கு. ஒரு மனிதர் அந்தக் கேட்டின் கம்பிகளிலிருந்து பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவனைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

"ரூம் பாக்க வந்தீங்களா?"

அவன் தலை தானாகவே ஆடியது.

"வாங்க, வாங்க. செருப்போடயே வாங்க, பரவால்ல. தூசியாத்தான் இருக்கு."

அறை தெருவைப் பார்த்து இருந்தது. தரையில் ஒரு கட்டிலின் கால்கள் பதிந்த வட்டங்கள். சுவரில் ஒரு பக்கம், உட்காரும்போது தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கறை.

"அம்மா இருந்த ரூம். நல்லா வெளிச்சம் வரும்," என்றார் அவர். பிறகு மறைப்பது நியாயமில்லை என்று நினைத்தவர்போல, "இங்கதான் தவறினாங்க. சிலபேர் அதைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடறாங்க. நீங்க அதெல்லாம் பாப்பீங்களா?" என்றார்.

"இல்லைங்க," என்றான் அவன்.

"வண்டி வந்துச்சுங்க. அதான் மனசு ஆற மாட்டேங்குது. கதவைத் திறந்து வச்சுட்டு நான் ரோட்டுல நிக்கறேன். அந்த வளைவுல திரும்பறது தெரியுது. வந்துட்டாங்கம்மா, வந்துட்டாங்கன்னு உள்ள பாத்துக் கத்தறேன். நம்ம வாசல்லதான் நின்னுச்சு. ரெண்டு பேர் இறங்கி ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு என்னைத் தாண்டிப் போறாங்க. இங்கதாங்கன்னு ஒருத்தர் கையைப் புடிச்சேன். அட்ரஸ் வேறங்க, விடுங்கன்னார். அவரைச் சொல்லி என்ன. காதுல போன் இருக்கு, அதுல ஒரு அம்மா வந்துடும் வந்துடும்னு தேன் மாதிரி சொல்லிட்டே இருக்காங்க. அம்மா உள்ளேருந்து, வந்துட்டாங்களாடான்னு கேக்கறாங்க. வந்துட்டாங்கன்னேன். வேற என்ன சொல்றது?" சுரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யாரோ ஒரு பையன்தான் காரணம்னு வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம். அவன் மட்டும் என் கண்ல பட்டான்னா…"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பட்டா?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. அடிச்சு என்ன ஆகப்போகுது. ஒரே ஒரு கேள்வி கேப்பேன்."

"என்ன கேப்பீங்க?"

பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி ஒரு பந்து வந்து வாசலில் விழுந்து உருண்டது. அவர் போய் எடுத்தார். சுவருக்கு மேலே ஒரு சிறுமியின் தலை தெரிந்தது. "எந்தக் கையால புடிப்ப? அடிபட்ட கையால புடி பாக்கலாம்," என்று சொல்லி மெதுவாக வீசினார். அவள் பிடித்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு மறைந்தாள். அந்தச் சிரிப்பில் பாதியை முகத்தில் வைத்துக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.

"என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், இந்த ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வரும். பூட்டியே கிடந்ததுல இறுகிப்போச்சு. ஒரு ஆளு தள்ளினா அசையாது." அவர் தோளை மரச்சட்டத்தில் கொடுத்து, பக்கத்தில் இடம் விட்டு நின்றார். "வாங்க, ஒரு கை குடுங்க."

அவன் போய் அந்த இடத்தில் நின்றான். இரண்டு தோள்களும் உரசின. அவருடைய வியர்வையும் பெயின்டின் வாடையும் கலந்து வந்தன. இருவரும் தள்ளினார்கள். சட்டம் முனகியது, திறக்கவில்லை. உரிந்த பெயின்டின் செதில்கள் இருவர் முன்கைகளிலும் ஒட்டிக்கொண்டன. சுவருக்கு அந்தப் பக்கம் பந்து தரையில் தட்டித் தட்டி எழும்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ," என்றார் அவர், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.